முப்பத்தாறாம் அறையின் மூன்றாவது கட்டில்

போன வாரம் சுமதி போன் செய்தாள். நான் வேலை பார்த்த கல்லூரியின் பெண்கள் விடுதிக்கு இப்போது அவள்தான் கண்காணிப்பாளர்.

"மேடம், வேற ரெண்டு காலேஜ்லேர்ந்து நம்ம ஹாஸ்டல் அப்ளிகேஷனோட காப்பி கேக்கறாங்க. அந்தப் பதினாலாவது விதி எப்படி வந்துச்சுன்னு ஒரு பக்கம் எழுதித் தரச் சொல்றாங்க. அப்ப நான் பிரசவ லீவுல இருந்தேன். நீங்களே எழுதித் தாங்களேன்."

அந்த விதி இதுதான்: "விண்ணப்பிப்பவர் தன் பாலினத்தையும், எந்த விடுதியில் தங்க விரும்புகிறார் என்பதையும் தானே எழுதலாம். அந்த வரி காலியாக இருக்கிறது என்ற காரணத்துக்காக விண்ணப்பத்தை நிறுத்தி வைக்கக் கூடாது." எழுதியது நான்தான். அதில் இரண்டாவது வாக்கியம் முழுக்க முழுக்க என்னைப் பற்றியது. சுமதி கேட்ட ஒரு பக்கத்தில் இது அடங்காது என்பதால் கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன்.

நான் புத்தூர்க்காரி. பெயர் ஃபிலோமினா. இருபத்தேழு வயதில் விடுதி அலுவலகத்தில் கிளார்க்காகச் சேர்ந்தேன். முதல் மூன்று வருடம் டைப் அடித்தேன், திட்டு வாங்கினேன், சாவிக்கொத்து சுமந்தேன். அதற்கு மேல் அந்தக் காலத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. கண்காணிப்பாளராக ஆன பிறகு பிள்ளைகள் எனக்கு வைத்த பட்டப்பெயர் 'ரிஜிஸ்டர்'. எனக்குத் தெரியாது என்று நினைத்தார்கள். தெரியும், பிடித்தும் இருந்தது. என் காலத்தில் அந்த அலுவலகத்தில் ஒரு காகிதம்கூடத் தொலைந்ததில்லை.

எங்கள் விடுதியின் நடைமுறையைச் சொன்னால்தான் மற்றது புரியும். சாயங்காலம் ஏழரை மணிக்கு வருகைப்பதிவு. கூடத்தில் எல்லோரும் வந்து நிற்க வேண்டும். நான் அறை எண்ணைச் சொல்லி, அந்த அறையில் உள்ள மூன்று பெயர்களைக் கூப்பிடுவேன். ஊருக்கோ கடைக்கோ போக வேண்டுமென்றால் அவுட்பாஸ் சீட்டு. முதல் வருடம் அறையை நாங்கள் ஒதுக்குவோம். இரண்டாம் வருடத்திலிருந்து பிள்ளைகளே மூன்று மூன்று பேராகச் சேர்ந்து 'ரூம் சீட்டு' எழுதித் தர வேண்டும். மூன்று பேரின் கையெழுத்தும், மூன்று வீட்டுச் சம்மதமும் இருந்தால்தான் அறை. யார் யாரோடு கோபம், யாருக்கு யாரோடு ராசி என்பதெல்லாம் அந்த ஒரு வாரத்தில் எனக்குத் தெரிந்துவிடும்.

எனக்கு மேலதிகாரி வார்டன் ரங்கநாயகி மேடம். இயற்பியல் பேராசிரியை, ஸ்ரீரங்கத்துக்காரர். எந்தக் காகிதத்தையும் உட்கார்ந்து படிக்க மாட்டார். ஜன்னலோரம் நின்றபடி, கையில் பென்சிலோடு, வரிவரியாகப் படிப்பார். சந்தேகமான வரிக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு புள்ளி வைப்பார். அந்தப் புள்ளிக்குப் பதில் சொல்வதற்குள் நமக்கு வேர்த்துவிடும். காகிதம் வந்த அன்றைக்கே கையெழுத்துப் போடும் பழக்கம் மட்டும் அவருக்குக் கிடையவே கிடையாது. மெஸ்ஸுக்குக் காய்கறி வாங்கும் சீட்டாக இருந்தாலும் மறுநாள்தான். "பெருமாளைச் சேவிச்சுட்டு வந்து போடறேன். அவசரத்துல போட்டா அப்புறம் அழிக்கவா முடியும்?" என்பார். ஆரம்பத்தில் இந்த வழக்கத்தால் எனக்குத் தலைவலி. பிறகு நானும் அப்படியே ஆகிவிட்டேன் என்று வீட்டில் சொன்னார்கள்.

கொரோனாவுக்குப் பிறகு கல்லூரி பழையபடி ஓடத் தொடங்கி ஒரு வருடம் போலிருக்கும். ஒருநாள் மத்தியானம் என் மேஜைக்கு முன்னால் ஒரு பெண் வந்து நின்றாள். நல்ல உயரம், பச்சைச் சுடிதார், கையில் டி.சி. கேட்கும் படிவம். கல்லூரியை விட்டுப் போகிறவர்கள் நூலகம், ஆய்வகம், விடுதி என்று மூன்று இடத்தில் கையெழுத்து வாங்க வேண்டும். முதல் இரண்டும் வாங்கிவிட்டிருந்தாள்.

"எந்த ரூம்?" என்றேன், நிமிராமலே.

"ரூம் இல்லீங்க மேடம். நான் ஹாஸ்டல்ல இல்ல."

"இல்லாதவங்களுக்கு நான் எப்படிம்மா கையெழுத்துப் போடறது? விண்ணப்பமே போடலைன்னு எழுதித் தா."

"போட்டேன் மேடம். போன வருஷம் ஜூலைல. பதில் வரல."

எனக்குச் சுருக்கென்றது. என் அலுவலகத்தில் பதில் வராத விண்ணப்பமா? பெயர் கேட்டேன். தேன்மொழி, எம்.எஸ்ஸி. வேதியியல், இரண்டாம் வருடம். எழுந்து போய் பீரோவைத் திறந்தேன். 'குறையுள்ளவை' என்று நான் தனியாக ஒரு கட்டு வைத்திருந்தேன். புகைப்படம் இல்லாதவை, பெற்றோர் கையெழுத்து விட்டுப்போனவை எல்லாம் அதில் இருக்கும். பிள்ளைகளே வந்து சரிசெய்துவிட்டு எடுத்துப் போவார்கள். கட்டின் அடியில் அவளுடைய விண்ணப்பம் கிடந்தது.

அதில் எல்லாம் ஒழுங்காக எழுதியிருந்தது. ஆண், பெண் என்று இருந்த இரண்டு கட்டங்கள் மட்டும் காலி. பக்கத்தில் சின்ன எழுத்தில் 'திருநங்கை' என்று எழுதி, அரசு கொடுத்த அடையாள அட்டையின் நகலையும் பின் செய்திருந்தாள். மேலே என் கையெழுத்தில், 'கட்டம் நிரப்பவில்லை. வந்து பார்க்கவும்.' அப்படி எழுதியதை அவளுக்கு யாரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. காகிதம் பத்திரமாக இருந்தது, அந்தப் பெண்தான் பஸ்ஸில் அலைந்துகொண்டிருந்தாள்.

உட்காரச் சொல்லி விசாரித்தேன். துறையூர் தாண்டி ஒரு கிராமம். அப்பா பேசுவதை நிறுத்திவிட்டார், அக்கா வீட்டில் இருந்து வந்துபோகிறாள். இரண்டு பஸ் மாறி சத்திரம் பஸ் ஸ்டாண்டில் வந்து இறங்கினாலும் காலை ஒன்பது மணி ஆய்வக வகுப்புக்கு வாரத்தில் மூன்று நாள் நேரத்துக்கு வர முடியவில்லை. வருகை குறைந்துபோய், பரீட்சை எழுத விடமாட்டோம் என்று துறையில் எச்சரித்திருக்கிறார்கள்.

"வெளியில ரூம் பாக்கலியாம்மா?"

"தில்லை நகர்ல ஒரு லேடீஸ் ஹாஸ்டல் விடல மேடம், எல்லாத்துலயும் ஏறி இறங்கிட்டேன். போன்ல சரிம்பாங்க, நேர்ல பாத்தா ரூம் இல்லம்பாங்க. அக்கா வீட்டுலயும் மாமா இந்த மாசத்தோட கிளம்பச் சொல்லிட்டாங்க. மெட்ராஸ்ல ஒரு கடையில வேலை இருக்குன்னாங்க, அதான் டி.சி. வாங்கிட்டுப் போயிரலாம்னு."

அழவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. இரண்டு பருவமும் முதல் வகுப்பில் வந்திருந்த பிள்ளை, கடையில் துணி மடிக்கப் போகிறேன் என்பதை பஸ் நேரம் சொல்வதுபோல் சொன்னாள். காரணம் என் பீரோவில் இருந்தது.

"இதுல நான் கையெழுத்துப் போட மாட்டேன்" என்றேன். பயந்துவிட்டாள். "உன் விண்ணப்பம் என்கிட்ட நிலுவையில இருக்கு. அது முடியற வரைக்கும் இந்த டி.சி. படிவம் நகராது. அதான் விதி" என்று சொல்லி, படிவத்தை வாங்கி இழுப்பறையில் வைத்துப் பூட்டினேன். அப்படி ஒரு விதி இல்லை. என் முப்பது வருட வேலையில் நான் விதி என்று சொல்லிப் பொய் சொன்னது அன்றைக்கு மட்டும்தான்.

சாயங்காலம் வார்டனிடம் எல்லாவற்றையும் சொன்னேன், என் தவறையும் சேர்த்து. ஜன்னலோரம் நின்று கேட்டுக்கொண்டார். "என்ன பண்ணலாம்னு நினைக்கறேள், ஃபிலோ?"

யோசித்துத்தான் வைத்திருந்தேன். சாப்பாட்டுக் கூடத்துக்குப் பக்கத்தில் சிக் ரூம் இருந்தது, காய்ச்சல், அம்மை என்று வந்தால் பிள்ளைகளைப் படுக்க வைக்கும் அறை. தனிக் குளியலறை, பெரிய ஜன்னல். அதைத் தேன்மொழிக்குக் கொடுத்துவிட்டால் யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள். வார்டன் கையிலிருந்த தேன்மொழியின் விண்ணப்பத்தில் ஒரு புள்ளி வைத்தார். எனக்கு என்னை நினைத்தே பெருமையாக இருந்தது. மறுநாள் தேன்மொழியிடம் சொன்னபோது "ரொம்ப தேங்க்ஸ் மேடம்" என்றாள். ஆனால் முகம் மலரவில்லை. இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு எது கொடுத்தாலும் போதாது என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த நாளே ஐந்தாறு பேர் அலுவலகத்துக்குள் நுழைந்தார்கள். முன்னால் பர்வீன். தேன்மொழியின் வகுப்புத் தோழி, முப்பத்தாறாம் அறை, வாய் ஓயாத பிள்ளை. அப்பா சவுதியில், அம்மா புதுக்கோட்டைப் பக்கம்.

"மேடம், அது நோயாளி படுக்கிற ரூம். தேனுக்கு என்ன நோயா வந்திருக்கு?"

"வாயை அடக்குடி. அட்டாச்டு பாத்ரூம் உனக்குக் கிடைக்குமா?"

"எனக்கு வேணாம் மேடம். ஏழரைக்கு நீங்க ரூம் நம்பர் சொல்லித்தானே கூப்பிடுவீங்க? சிக் ரூமுக்கு நம்பரே இல்ல. அவ பேர எங்க கூப்பிடுவீங்க?"

என் ரிஜிஸ்டரை என்னைவிட நன்றாக ஒரு மாணவி படித்திருக்கிறாள்! சிக் ரூமில் இருப்பவர்களை நான் கூப்பிடுவதில்லை, அட்டவணையின் கீழே பென்சிலில் குறித்துக்கொள்வேன். தேன்மொழி எங்கள் விடுதியில் ஒரு வருடம் அல்ல, இருபது வருடம் இருந்தாலும் அவள் பெயர் அந்தக் கூடத்தில் ஒலிக்காது. கோபம் அவர்கள்மேல் வந்ததா, என்மேல் வந்ததா என்று இப்போதும் தெரியவில்லை. "மனுவா எழுதிக் கொண்டாங்க" என்று அனுப்பிவிட்டேன்.

எழுதிக்கொண்டு வந்தார்கள். திருநர் மாணவர்களுக்கும் மற்றவர்களைப் போல விடுதியில் இடம் வேண்டும், தனிமைப்படுத்தக் கூடாது, வருகைப்பதிவில் அவர்கள் வைத்துக்கொண்ட பெயரையே கூப்பிட வேண்டும் என்று தெளிவான தமிழில் ஒரு பக்கம். பின்னால் பக்கம் பக்கமாகக் கையெழுத்து. மெஸ் வாசலில் நின்று வாங்கியிருக்கிறார்கள். வார்டன் அறை நிறைய மாணவிகள், பின்வரிசையில் தேன்மொழி. வார்டன் ஜன்னலோரம் நின்று, அவசரமே படாமல், கடைசிக் கையெழுத்து வரைக்கும் படித்தார். பென்சிலைக் கீழே வைத்தார்.

"ரொம்ப நன்னா எழுதியிருக்கேள். இத்தனை பேர் சரின்னு கையெழுத்துப் போட்டிருக்கேள். சந்தோஷம். யார் ரூம்ல?"

எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நான் தேன்மொழியைப் பார்த்தேன். அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் கேள்விக்காக அந்த நிமிஷம் வார்டன்மேல் எனக்கு ஆத்திரமாக வந்தது. பிள்ளையை வைத்துக்கொண்டு கேட்கிற கேள்வியா இது?

பர்வீன் வாயைத் திறந்தாள். வார்டன் கையை உயர்த்தினார். "இப்ப சொல்லாதே. ஆத்துக்குப் பேசு, யோசி. எனக்கு மனு வேண்டாம், ரூம் சீட்டு போதும். நாளைக்குக் காலம்பற பத்து மணிக்குள்ள ஃபிலோகிட்ட குடுங்கோ."

அன்று சாயங்காலம் மனுவில் கையெழுத்துப் போட்டவர்களில் பாதிப் பேர் என் கண்ணில் படாமல் சுவரோரமாக நழுவினார்கள். அதையும் சொல்லத்தான் வேண்டும். நான் சரியாகத் தூங்கவில்லை. ஒரு சீட்டாவது வராவிட்டால் அந்தப் பிள்ளையிடம் என்ன முகத்தோடு பேசுவது?

காலையில் அலுவலகத்தைத் திறக்கும்போதே கதவுக்கு அடியில் ஒரு சீட்டு கிடந்தது. முப்பத்தாறாம் அறை: பர்வீன், அபிராமி, தேன்மொழி. பர்வீனும் அபிராமியும் ஏற்கெனவே இருந்த அந்த அறையில் மூன்றாவது பெண் கல்யாணமாகிப் போனதில் ஒரு கட்டில் காலியாக இருந்தது. பத்து மணிக்குள் இன்னும் ஆறு சீட்டுகள் வந்தன. அவற்றில் இரண்டு, காலிக் கட்டிலே இல்லாத அறைகள். 'நான்காவதாக ஒரு கட்டில் போட்டுத் தரவும்' என்று எழுதியிருந்தார்கள். நான் பீரோ பக்கம் திரும்பி நின்றுகொண்டு கண்ணைத் துடைத்தேன். என் விடுதிப் பிள்ளைகள் அவர்கள். அந்தப் பெருமை இன்றைக்கும் கொஞ்சமும் குறையவில்லை.

வார்டன் கேட்ட கேள்வியின் அருமை அப்போதுதான் எனக்கு உறைத்தது. மற்ற ஆறு சீட்டையும் எடுத்துவைத்துவிட்டு, முப்பத்தாறையே முடிவு செய்தார். அடுத்தது வீட்டுச் சம்மதம். தேன்மொழிக்கு அவள் அக்காவின் கையெழுத்து விண்ணப்பத்திலேயே இருந்தது.

பர்வீனின் அம்மாவுக்குப் போன் போட்டேன். விஷயத்தைச் சுற்றி வளைத்துச் சொல்லி முடித்ததும் அந்த அம்மா ஒன்றே ஒன்று கேட்டார். "அந்தப் புள்ள காலைல வெள்ளன எந்திரிக்குமாங்க?"

"தினம் ரெண்டு பஸ் மாறி வர்ற பொண்ணுங்க. எந்திரிக்காமயா?"

"அல்ஹம்துலில்லாஹ். எங்க பர்வீனையும் ஃபஜ்ர் தொழுகைக்கு எழுப்பிவிடச் சொல்லுங்க. நான் கத்திக் கத்தித் தொண்டை போச்சு" என்றார். சம்மதம் மறுநாளே வாட்ஸப்பில் வந்தது.

அபிராமியின் அப்பா அப்படி இல்லை. மண்ணச்சநல்லூரில் அரிசி ஆலையில் மேஸ்திரி. நேரில் வந்துவிட்டார், சட்டைக் கையில் தவிட்டுத் தூசியோடு. வார்டன் அறையில் உட்காரச் சொன்னோம், உட்காரவில்லை.

"பொம்பளப் புள்ளய உங்கள நம்பித்தான் விட்டுட்டுப் போனேன்ங்க."

"இப்பவும் நம்பியே விடுங்க. கூட இருக்கப்போறதும் பொம்பளப் புள்ளதான்" என்றேன்.

"அதெல்லாம் படிச்சவங்க பேச்சுங்க. நாளைக்கு ஒண்ணுன்னா யாரு பொறுப்பு?"

"நான்."

"வாயால சொன்னா ஆச்சா? எழுதிக் குடுங்க."

எத்தனையோ பெற்றோர் என்னிடம் இப்படிக் கேட்டிருக்கிறார்கள். ஒருவருக்கும் எழுதிக் கொடுத்ததில்லை. எழுதிக் கொடுக்கக் கூடாது என்று புதிதாக வந்தவர்களுக்குச் சொல்லிக்கொடுத்ததே நான்தான். காகிதத்தை இழுத்து எழுதினேன்: 'முப்பத்தாறாம் அறையில் தங்கும் மூன்று மாணவிகளின் பாதுகாப்புக்கும் நானே பொறுப்பு.' கையெழுத்துப் போட்டு நீட்டினேன்.

எழுத்துக் கூட்டிப் படித்தார். "மூணு பேருக்குமா?"

"ஆமாங்க. உங்க பொண்ணால அந்தப் பொண்ணுக்கு ஒரு மனக்கஷ்டம் வந்தாலும் நான்தான் பொறுப்பு."

அவர் அதை எதிர்பார்க்கவில்லை. காகிதத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். வார்டன் எழுந்து வந்து, அதை வாங்கி, நின்றபடியே படித்தார். மேஜையில் வைத்து, என் கையெழுத்துக்குக் கீழே தன் கையெழுத்தைப் போட்டார்.

"மேடம், நாளைக்குத்தானே..." என்று நான் இழுத்தேன்.

"இதுக்கும் நாளைக்குன்னா பெருமாள் என்னைக் கோச்சுப்பார்" என்றார்.

அபிராமியின் அப்பா சம்மதக் கையெழுத்துப் போட்டார். மனசு மாறிப்போய்ப் போட்டார் என்று கதை கட்ட மாட்டேன். போகும்போது மகளிடம், "இந்த செமஸ்டர் பாக்கறேன். அப்புறம் இருக்கு" என்றுதான் சொன்னார். அந்த செமஸ்டரும் போனது, அடுத்ததும் போனது, அவர் மறுபடி வரவில்லை.

டி.சி. படிவத்தைத் தேன்மொழி கிழிக்கப் போனாள். விடவில்லை. 'விண்ணப்பித்தவர் திரும்பப் பெற்றுக்கொண்டார்' என்று எழுத வைத்து ஃபைலில் சேர்த்தேன். அந்த மாதமே விடுதிக் குழு கூடி விதியை மாற்றியது. வாசகத்தை எழுதும் வேலை என்னிடம் வந்தது. இரண்டாவது வாக்கியம் தேவையா என்று குழுவில் ஒருவர் கேட்டார். "தேவை சார், என்னை மாதிரி இன்னொருத்தி இந்த நாற்காலியில வந்து உக்காருவா" என்றேன். அடுத்த வருடம் ஆண்கள் விடுதியில் ஒரு திருநம்பி மாணவர் இதே விதியின்படி விண்ணப்பித்து, இதே ரூம் சீட்டு முறையில் இடம் வாங்கினார். இம்முறை யாரும் மெஸ் வாசலில் நிற்க வேண்டியிருக்கவில்லை.

தேன்மொழி வந்து ஒரு மாதம் இருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை முப்பத்தாறாம் அறை மூன்று பேரும் அவுட்பாஸ் வாங்கிக்கொண்டு ஸ்ரீரங்கம் போனார்கள். ஏழரைக்கு அறை எண்ணைக் கூப்பிட்டேன். பதில் இல்லை. மூன்று பெயரையும் ஒவ்வொன்றாகக் கூப்பிட்டேன். இல்லை. கேட்டுக்கும் கூடத்துக்குமாக நடந்தேன், போன் போட்டேன், எடுக்கவில்லை. எட்டு மணி தாண்டி மூன்றும் ஓடி வந்தன, கையில் பை நிறைய வளையலும் ரிப்பனும்.

"காவிரிப் பாலத்துல ஒரே டிராஃபிக் மேடம்" என்று பர்வீன் ஆரம்பித்தாள்.

"பாலம் இன்னிக்குத்தான் கட்டினாங்களா? போன் எதுக்கு வச்சிருக்கீங்க, அழகு பாக்கவா? உங்க மூணு பேருக்கும் எழுதிக் குடுத்திருக்கேன்டி நான்!" என்று கூடம் முழுக்கக் கேட்கும்படி கத்தினேன். மூவரையும் நிற்க வைத்து மன்னிப்புக் கடிதம் எழுதச் சொன்னேன். இரண்டு வாரத்துக்கு அவுட்பாஸ் கிடையாது என்றேன். அபிராமி மூக்கை உறிஞ்சினாள். பர்வீன் முறைத்தாள். தேன்மொழி மட்டும் குனிந்து எழுதிக்கொண்டே சிரித்தாள்.

"என்ன சிரிப்பு? நான் இங்க கத்தறது உனக்கு வேடிக்கையா இருக்கா?"

நிமிர்ந்தாள். கண் நிறைந்திருந்தது. "இல்ல மேடம். நான் வீட்டுக்கு எத்தனை மணிக்கு வந்தாலும் யாரும் எங்க போனேன்னு கேட்டதில்ல. ஒருத்தங்க வாசல்ல நின்னு என்னைத் திட்டறது இதான் முதல் தடவை."

கடிதத்தை வாங்கி, சாப்பிட்டுவிட்டு அறைக்குப் போகும்படி கையைக் காட்டினேன். அவர்கள் போன பிறகு ரிஜிஸ்டரில் மூன்று பெயருக்கு நேராகவும் 'தாமதம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். எழுத்து கொஞ்சம் கோணலாகத்தான் வந்தது. அவுட்பாஸ் தடையை மட்டும் இரண்டு வாரத்திலிருந்து ஒரு நாள்கூடக் குறைக்கவில்லை.